குருவானவர் இல்லாத பங்கு

சில்லாலை என்றதும் யாழ்ப்பாணத்தவர் பலருக்கு நாட்டு வைத்தியமே நினைவுக்கு வரும். எனக்கோ ஒரு கேள்வி எழும்: ஆலயமும் குருவானவரும் இன்றி ஒரு பங்கு எத்தனை காலம் உயிர்வாழும்?

1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்கள் சீர்திருத்த சபையினரின் வழிபாட்டிடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாறின. ஞானஸ்நானமும் திருமணமும் அங்கு பதிவானால்தான் சட்டம் ஏற்றுக்கொண்டது. மக்கள் பெயரைப் பதிவேட்டுக்குக் கொடுத்துவிட்டு, செபத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டனர்.

1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். கழுத்திற் செபமாலையுடன் யாழ்ப்பாணத்தில் வீடுவீடாக இரந்து சென்றார். அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார். பின்னர் சில்லாலை அவரை மறைத்து வைத்தது. இரவுகளில் திருப்பலி நடந்தது. 1689 நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரைக் கைது செய்து தண்டித்தனர். அடிகளார் தப்பிப் புத்தளம் சென்று, பின் கண்டியை அடைந்து, 1711 இல் அங்கேயே மறைந்தார். 2015 இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அடிகளாரை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அவர் வருவதற்கு முந்திய இருபத்தொன்பது ஆண்டுகளை யார் கொண்டாடுவது? பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுத்த தாயின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மரண தண்டனைக்கு அஞ்சாது கதவைத் திறந்துவிட்டவர்களில் எத்தனை பேரை நாம் அறிவோம்? அவர் சென்ற பின்னரும் குருவானவர் எப்போதாவதுதான் வந்தார். இடைப்பட்ட காலத்தில் மூப்பரும் அண்ணாவியாருமே செபத்தை நடத்தினர். 1806 இல் ஆங்கிலேயர் தடைச் சட்டங்களை நீக்கினர். 1847 இல் அமலமரித் தியாகிகள் வந்தனர். அவர்கள் ஆலயங்களையும் பாடசாலைகளையும் எழுப்பியது, ஏற்கெனவே இருந்த ஓர் அத்திவாரத்தின் மேல்தான்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே வெறுமையாகியபோது, பூட்டிய ஆலயங்களை விட்டு எம்மவர் நடந்தனர். இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிறருடைய ஆலயங்களில் நேரம் கேட்டுத் தமிழில் திருப்பலி காண்கின்றனர். பங்கு என்பது கட்டடம் அன்று என்பதைச் சில்லாலை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தது.