தனிப்பாட்டும் தொடர்நிலையும்

தமிழ்ச் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகைப்படுத்திக் காட்டும் தண்டியலங்காரம். தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். ஒன்றையொன்று பற்றி நின்று ஒரு பொருளை நடத்திச் செல்வது தொடர்நிலை. குறுந்தொகையில் ஒரு பாட்டை மட்டும் எடுத்து வகுப்பில் நடத்தலாம்; அப்பாட்டுக்கு அதனாற் குறையில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை மட்டும் பாடநூலிற் சேர்த்தால், கண்ணகி யார், அவள் மதுரைக்கு ஏன் வந்தாள், அவள் கையில் ஒற்றைச் சிலம்பு எப்படி வந்தது என்றெல்லாம் ஆசிரியர் முன்கதை சொல்லியே ஆகவேண்டும்.

இவ்வேறுபாடு ஏட்டுப் படிப்போடு நின்றுவிடும் ஒன்றன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டு இசைவாணர் சிலர் வணிகரோடு வாதிட்டதும், ஒரு குழுவினர் இலண்டன் நீதிமன்றம் வரை சென்றதும் இதனைப் பற்றியே. தம் பாடல்கள் உதிரியாக விற்கத்தக்க முத்தகங்களா, பிரிக்கலாகாத தொடர்நிலையா என்பதே அப்பூசலின் உள்ளீடு. இணையத்தின் வழியே பாட்டுக்கு ஒரு விலை வைத்து விற்கும் முறை வந்தபோது அது மூண்டது.

அதனை விளங்கிக்கொள்ள இசைத்தட்டின் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். நீண்டதொரு மேனாட்டுச் செவ்விசைப் படைப்பைக் கேட்க வேண்டுமாயின் தட்டுகள் பல வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் போடவேண்டும். அத்தட்டுகளை வைப்பதற்கென்று, நிழற்படங்களை ஒட்டிவைக்கும் புத்தகம் போன்று உறைகள் தைத்த அட்டைப் புத்தகம் செய்து விற்றனர். அதற்கு ஆல்பம் என்று பெயர். பெட்டிக்கு வைத்த பெயர் பின்னாளில் பெட்டிக்குள் இருந்த பொருளுக்கே ஆகிவிட்டது. இடவாகுபெயருக்கு வேற்றுமொழியிலிருந்து எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர் இதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தார் நெடுநேரம் ஒலிக்கும் எல்.பி. தட்டினை அறிமுகம் செய்தனர். நிமிடத்துக்கு 33⅓ சுற்றே சுழலும் அதன் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேலும் இசை அடங்கிற்று. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்றுச் சிறுதட்டினைக் கொண்டுவந்தது. தனிப்பாட்டுக்குச் சிறுதட்டு, தொகுப்புக்குப் பெருந்தட்டு என்ற வழக்கம் அவ்வாறு நிலைபெற்றது.

நாற்பது நிமிட இசைத்தொகுப்பு என்னும் வடிவத்தை எந்தக் கலைஞனும் தவமிருந்து கண்டுபிடிக்கவில்லை. தட்டின் அகலமும் அதன்மேல் ஓடும் பள்ளத்தின் நுண்மையுமே அந்த அளவை வகுத்தன. பிற்காலத்தில் இசைவாணரை எள்ளியவர்கள் இதனையே எடுத்துக் காட்டினர். தொழிற்சாலை தந்த அளவுக்கு இவ்வளவு புனிதம் ஏன் என்று கேட்டனர். கேள்வி கூரியதே; ஆயினும் முடிவானதன்று. ஏழு சீர் என்னும் எல்லை குறள் வெண்பாவின் அளவேயன்றி வள்ளுவர் வகுத்ததன்று. அந்த எல்லைக்குள் அவர் என்ன செய்தார் என்பதே பெரிது.

பெருந்தட்டின் எல்லைக்குள் மேனாட்டு இளைஞர்கள் செய்தது சிறிதன்று. 1967ஆம் ஆண்டு பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பில், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வழக்கமாக விடப்படும் அமைதி நீக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இங்கிலாந்தின் பிங்க் ஃபுளாய்ட் குழுவினரின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ வெளிவந்தது. இதயத் துடிப்பின் ஓசையோடு தொடங்கி, காலம், பணம், சாவு, பித்து என்று மனித வாழ்வின் சுமைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, அதே துடிப்போடு முடியும் தொகுப்பு அது. பெரும்பாலும் ஒரு பாட்டின் ஓசை அடங்குமுன் அடுத்தது எழும். இதனை நடுவே வெட்டினால், வெட்டிய இடத்தில் காது அதனை உணரும். 1973 முதல் 1988 வரையில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இத்தொகுப்பு 741 வாரங்கள் இடம்பெற்றிருந்தது. தொடர்நிலையைக் கேட்பதற்கு மக்களுக்குப் பொறுமை இல்லை என்பார்க்கு இந்த எண் விடை கூறும்.

அதே குழுவினரின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்னும் 1975ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருப்பன ஐந்தே உருப்படிகள். அவற்றுள் ஒரு நீண்ட படைப்பு இரண்டாகப் பிளந்து, முதலிலும் ஈற்றிலும் நின்று மற்ற மூன்றையும் அணைத்துக்கொள்கிறது. இந்த ஐந்து என்னும் எண்ணை நினைவிற் கொள்க.

இனி, வாங்குவோர் பக்கமும் ஒரு குறை உண்டு. அது நியாயமான குறை. குறுந்தகடு 1982இல் வந்தது. 1990களில் அமெரிக்க நிறுவனங்கள், புகழ்பெற்ற பாட்டைத் தனித்தட்டாக வெளியிடுவதைப் பல சமயங்களில் தவிர்த்தன. ஒரு பாட்டை விரும்பியவன் அதனோடு பன்னிரண்டை வாங்கவேண்டியதாயிற்று. அப்பன்னிரண்டும் தொடர்நிலையாக இருந்தனவா என்றால், பல தொகுப்புகளில் இல்லை. ஒரு நல்ல பாட்டும் பதினொரு நிரப்புப் பாட்டும் இருந்தன. தக்காளி வாங்க வந்தவனிடம் கூடையோடு வாங்கு என்று கடைக்காரன் சொன்னால், வந்தவன் வேறு வழி தேடத்தான் செய்வான். 1999இல் நாப்ஸ்டர் அந்த வழியைக் காட்டிற்று. காசின்றியே பாடல்கள் கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவின. மெட்டாலிகா குழுவினர் 2000இல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு நாப்ஸ்டர் ஓய்ந்தது. ஓய்ந்தது நிறுவனமேயன்றிப் பழக்கம் ஓயவில்லை.

அந்தச் சூழலிலேதான் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2003 ஏப்ரல் 28ஆம் நாள் ஐடியூன்ஸ் இசைக் கடையைத் திறந்தார். இரண்டு இலட்சம் பாடல்கள். ஒவ்வொன்றும் 99 சென்டு. திருட்டுக்கு அஞ்சிக் கலங்கியிருந்த ஐந்து பெரிய இசை நிறுவனங்களும் இதற்கு உடன்பட்டன. முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் பாடல்கள் விற்றன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை முழுத்தொகுப்புகளாகவே வாங்கப்பட்டன என்று ஆப்பிள் அறிவித்தது. தொகுப்பு அழியும் என்ற அச்சத்துக்கு மருந்தாகவே அந்தச் செய்தி கூறப்பட்டது. ஆயினும் எல்லாரும் அம்மருந்தை அருந்தவில்லை.

ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி குழுவினர் தாம் செய்வது தொகுப்பே அன்றித் தனிப்பாட்டு அன்று என்று கூறி விலகி நின்றனர். இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவினரும் ஐடியூன்ஸில் இல்லை. 2007 அக்டோபரில் அவர்கள் தம் ‘இன் ரெயின்போஸ்’ தொகுப்பைத் தம்முடைய இணையத்தளத்திலேயே வைத்து, வாங்குவோர் விரும்பிய விலையைத் தாமே குறித்துக்கொள்ளலாம் என்றனர். விலையை விட்டுக்கொடுத்தவர்கள் முழுமையை விட்டுக்கொடுக்கவில்லை. பத்துப் பாடல்களும் ஒரே கட்டாகவே கிடைத்தன. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் பாடகர் ஜே-சி தம் புதிய தொகுப்பை ஐடியூன்ஸுக்குத் தர மறுத்தார். திரைப்படத்தைக் காட்சி காட்சியாக விற்பதில்லையே என்பது அவர் கூறிய காரணம்.

பீட்டில்ஸ் பாடல்களும் 2010 நவம்பர் வரை ஐடியூன்ஸில் வரவில்லை. அதனையும் இவ்வெதிர்ப்பின் கணக்கில் சேர்ப்பார் உளர். அது முற்றும் சரியன்று. அவர்களுடைய நிறுவனத்தின் பெயரும் ஆப்பிள் ஆதலின், பெயருரிமைப் பூசலே நெடுங்காலம் தடையாக நின்றது.

மறுத்தவர்கள் அனைவரும் தூய கலைக்காகவே மறுத்தனர் என்று எழுதிவிடுவது எளிது. வரலாறு அவ்வாறு எழுத இடம் தரவில்லை. பிங்க் ஃபுளாய்டின் ‘மணி’ என்னும் பாட்டு 1973லேயே அமெரிக்காவில் தனித்தட்டாக விற்றது. 1979இல் ‘தி வால்’ தொகுப்பிலிருந்து பிரித்து வெளியிடப்பட்ட ஒரு பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. ஏசி/டிசி குழுவினரும் தனித்தட்டுகள் வெளியிட்டவர்களே. 2008இல் அவர்களுடைய ‘பிளாக் ஐஸ்’ அமெரிக்காவில் வால்மார்ட் கடைத்தொடர் வழியே விற்பனைக்கு வந்து, முதல் வாரத்தில் 7,84,000 படிகள் விற்றது. தொகுப்பைக் காப்பது அவர்களுக்கு நட்டமாக இல்லை. எனினும், தானே தேர்ந்து ஒரு பாட்டை முன்னே அனுப்புவதும், பிறன் ஒருவன் எல்லாவற்றையும் பிரித்துக் கூறுகட்டி வைப்பதும் ஒன்றாகா. நூலாசிரியன் தன் நூலின் ஓர் இயலை இதழுக்குக் கொடுப்பதற்கும், கடைக்காரன் தாள் தாளாகக் கிழித்து விற்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

அந்த ஐந்து உருப்படிக் கணக்கு இங்கே வருகிறது. ஒரு பாட்டுக்கு 99 சென்டு என்றால் ‘விஷ் யூ வேர் ஹியர்’ முழுவதும் ஐந்து டாலருக்குள் முடிந்துவிடும். சிறுபாட்டுகள் பதினைந்து கொண்ட தொகுப்போ பதினைந்து டாலரை எட்டும். எண்ணிக்கையை அலகாகக் கொள்ளும் கடையில் நெடும்படைப்புக்கு மதிப்புக் குறைவு. கலை வேறு, கூலி வேறு என்று பிரிக்க இயலாத இடம் இது.

பிங்க் ஃபுளாய்ட் 1967 முதல் இ.எம்.ஐ. நிறுவனத்தோடு இணைந்திருந்த குழு. 1990களின் இறுதியில் அவர்களுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. குழுவினரின் இசைவின்றித் தொகுப்புகளைப் பிரித்துத் தனிப்பாடல்களாக விற்கலாகாது என்பது அதில் ஒரு விதி. அப்போது ஐடியூன்ஸ் பிறக்கவில்லை. பிறந்தபின் அவர்களுடைய பாடல்களும் உதிரியாக விற்பனைக்கு வந்தன. குழுவினர் வழக்குத் தொடுத்தனர்.

வழக்கு ஒரு சொல்லின்மேல் நின்றது. ‘தட்டு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அவ்விதியில் இருந்தது. கையால் தொட்டெடுக்கும் தட்டுக்கும் குறுந்தகட்டுக்கும் மட்டுமே விதி பொருந்தும், இணையத்தில் செல்லும் ஒலிக்கோப்புக்குப் பொருந்தாது என்றது இ.எம்.ஐ. தொகுப்பின் முழுமையைக் காக்க எழுதப்பட்ட விதி, அம்முழுமை கடையில் சிதைந்தாலும் இணையத்தில் சிதைந்தாலும் ஒன்றே என்றனர் குழுவினர். சொல்லின் அகராதிப் பொருளா, அது நிற்கும் இடத்தின் நோக்கமா என்பது உரையாசிரியர்கள் காலந்தோறும் எதிர்ப்பட்ட வினா. 2010 மார்ச்சு 11ஆம் நாள் உயர்நீதிமன்றத்தின் சான்சலர் சர் ஆண்ட்ரூ மோரிட் நோக்கத்தின் பக்கம் நின்றார். அவ்விதி தொகுப்புகளின் கலைமுழுமையைக் காப்பதற்கென்றே அமைந்தது என்பது அவர் கண்ட முடிவு. வழக்கின் மற்றொரு பகுதியாகிய உரிமைத்தொகைக் கணக்கு, வணிக மறைபொருள் என்ற காரணத்தால், பொதுமக்கள் அறியாதபடி கேட்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இ.எம்.ஐ.யின் மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று.

வென்றவர்கள் பாடல்களை உதிரி விற்பனையிலிருந்து அகற்றினரா? அகற்றவில்லை. 2011 சனவரியில் இரு தரப்பும் ஐந்தாண்டுக்குப் புதிய உடன்படிக்கை செய்துகொண்டன. பாடல்கள் தனித்தனியாகவே தொடர்ந்து விற்றன. நீதிமன்றத்தில் கலைமுழுமைக்காக வாதிட்டவர்கள் சில வாரங்களில் அதனை விற்றுவிட்டனர் என்று பழித்தோர் இருந்தனர். அப்பழி சற்று மிகையே. விதி கூறியது பிரிக்கவே கூடாது என்பதன்று; இசைவின்றிப் பிரிக்கக்கூடாது என்பதே. இசைவைக் கேட்கவேண்டும் என்பதை அவர்கள் வென்றெடுத்தனர். கேட்டபோது, தமக்கேற்ற உடன்படிக்கையின்மேல் கொடுத்தனர். ஒப்பந்தத்தில் அப்படியொரு விதி இல்லாத எண்ணற்ற இசைவாணர்களை எவரும் கேட்கவே இல்லை என்பதையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தனர். மெட்டாலிகா 2006லேயே வந்துவிட்டது. ரேடியோஹெட் பாடல்கள் 2008 ஜூனில் வந்தன. பீட்டில்ஸ் வந்த முதல் வாரத்தில் தனிப்பாடல்கள் இருபது இலட்சமும் முழுத்தொகுப்புகள் நாலரை இலட்சமும் விற்றன. ஏசி/டிசி 2012 நவம்பரில் இசைந்தது. தனிப்பாடலாகவும் வாங்கலாம் என்றே இசைந்தது. அதற்குள் வாங்குதல் என்பதே தேயத் தொடங்கியிருந்தது. மாதக் கட்டணம் செலுத்தி எதையும் கேட்கும் முறை ஓங்கிற்று. 2013 ஜூனில் பிங்க் ஃபுளாய்ட் அம்முறைக்குள் நுழைந்த விதம் வியப்புக்குரியது. ஸ்பாட்டிஃபை நிறுவனத்தில் முதலில் ஒரு பாட்டையே முன்வைத்தனர். அது பத்து இலட்சம் முறை கேட்கப்பட்டால் மற்றத் தொகுப்புகள் யாவும் திறக்கப்படும் என்றனர். சில நாள்களிலேயே திறக்கப்பட்டன. திறவுகோலாக நின்ற அப்பாட்டு, ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொகுப்பின் ஐந்தனுள் ஒன்று.

2021 நவம்பரில் ஆங்கிலப் பாடகி அடெல் தம் ‘30’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். தொகுப்பின் பக்கத்தில் கட்டணம் செலுத்துவோர் முதலில் அழுத்தும் பொத்தான் பாடல்களைக் கலைத்துப் போடுவதாக இருக்கலாகாது என்று அவர் கேட்டுக்கொண்டார். ஸ்பாட்டிஃபை இணங்கியது; வைத்த வரிசையிலேயே பாடல்கள் ஒலிக்குமாறு அப்பொத்தானை மாற்றி அமைத்தது. கலைத்துக் கேட்கும் வசதியை மட்டும் அது எடுத்துவிடவில்லை.