சாலைக் கடைத்தெருவும் கணினிக் காவலும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை நம்மில் பலர் அறிவோம். கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இதனை, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாசர் அமைத்தார். நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்த தமிழ் வணிகர் இங்கே வேரூன்றினர். அந்நாளில் வணிகரின் கணக்குப் பேரேட்டில் இருந்தது. பேரேடு இரும்புப் பெட்டியில் இருந்தது. இன்று கணக்குக் கணினிக்குள் புகுந்துவிட்டது. அதற்கு இரும்புப் பெட்டியாக நிற்பது கணினியின் இயங்குதளமே. அப்பெட்டிகளுள் உறுதியானது எது என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தது. ஒரே பொறியைப் பலர் பயன்படுத்தியமையால், ஒருவர் கோப்பை மற்றவர் தீண்டாதவாறு தடுப்புகள் அதில் அமைந்தன. அந்நெறியைப் பின்பற்றியே 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். விண்டோஸ் 95, 98 ஆகியவையோ வீட்டில் ஒருவர் பயன்படுத்துவதற்கென எழுந்தவை. அவற்றில் தடுப்புகள் குறைவு. ஒரு நிரல் பிழைத்தால் பொறி முழுவதும் நின்றுவிடக்கூடும். நச்சுநிரல்களும் எளிதில் பரவின. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. உறுதியான அடித்தளம் கொண்டது. 2001இல் எக்ஸ்.பி. வழியாக அது வீடுகளுக்கும் வந்தது.

அதே 2001இல், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. எவரும் படித்துத் திருத்தக்கூடிய மென்பொருளையே கட்டற்றது என்கிறோம். கேரள அரசின் 2007ஆம் ஆண்டுக் கொள்கை அதற்கு ஆதரவளித்தது. அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் நிலைபெற்றது. கணினிப் பாடநூல்கள் தமிழிலும் வெளிவந்தன.

2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் விண்டோஸ் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகங்களும் அதற்கு இரையாயின. லினக்ஸ் கணினிகள் தப்பின. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றுக்கொண்ட விண்டோஸ் கணினிகளுள் அந்நிரல் அவ்வழியே நுழைய இயலவில்லை.

திறந்த மென்பொருளும் குற்றமற்றதன்று. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் கட்டற்ற நிரலில் இருந்த ஒரு பிழை, ஈராண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்து 2014இல் வெளிப்பட்டது. 2024 மார்ச்சில், லினக்ஸில் பயன்படும் எக்ஸ்.இசட். என்னும் நிரலுக்குள் கள்ள வாயில் ஒன்று கண்டறியப்பட்டது. கண்டவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டு. கணினியில் நுழைகையில் அரை நொடி தாமதம் நேர்வதைக் கவனித்துத் தேடினார். நிரல் திறந்திருந்தமையால் அடிவரை துருவ முடிந்தது. அவ்வாண்டு ஜூலையிலோ, கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருளின் பிழையான திருத்தமே ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. காவலே இடராயிற்று!

எனவே பெயர் மட்டும் காவலாகாது. ஆராய்வதற்கு இடமளிப்பது லினக்ஸின் சிறப்பு. ஆராய்வாரும் உடனே திருத்துவாரும் இல்லையேல் அச்சிறப்பு வீணே. வெளியூரில் கடை நடத்தும் நம்மவர் எத்தளத்தைக் கொண்டாலும் திருத்தங்களைக் காலந்தாழ்த்தாது ஏற்பாராக. கணக்கின் மறுபடி ஒன்றைக் கணினியோடு இணையாத தனிக் கருவியில் வைப்பாராக. பெட்டி எத்துணை வலியதாயினும், பூட்டை நாள்தோறும் இழுத்துப் பார்ப்பதே வணிகர் வழக்கம்.