பியரில்லாப் பியர் பாண்

மூன்று கோப்பை செல்ஃப் ரைசிங் மா, மூன்று மேசைக்கரண்டி சீனி, ஒரு ரின் பியர், இரண்டு கை துருவிய சீஸ். எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டுக் கரண்டியால் கிளறி, வெண்ணெய் பூசிய தகரத்தில் கொட்டி, 180 பாகைச் சூட்டில் முக்கால் மணித்தியாலம் வைத்தால் பாண் தயார். பிசைவதும் இல்லை, பொங்கட்டும் என்று ஈரத்துணி போட்டுக் காத்திருப்பதும் இல்லை. சோம்பேறிகளுக்கென்றே பிறந்தது போன்ற இந்தப் பக்குவம் அமெரிக்க, ஆஸ்திரேலிய அடுப்படிகளிலிருந்து கைத்தொலைபேசி ஏறிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வீடுகளுக்கும் வந்துவிட்டது. வந்ததும் மூன்றாவது சாமானில் தடுக்கி விழுகிறது.

"சூட்டில் பியரெல்லாம் ஆவியாகிப் போய்விடும்" என்ற சமாதானம் எங்கள் ஊரில் செல்லாது. அதற்கு மார்க்கத்தோடு விஞ்ஞானமும் துணை நிற்கிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, கலவையோடு கலந்து ஒரு மணித்தியாலம் வேகவைத்த பிறகும் மதுசாரத்தில் கால்வாசி அளவு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே வீட்டு ராத்தா பியரைத் தள்ளிவைத்துவிட்டு மதுசாரமில்லாத ஜிஞ்சர் பியர்ப் போத்தலைத் திறக்கிறார். பாண் எழும்புகிறது.

எழும்பத்தான் செய்யும். கடைகளில் விற்கும் பியரில் பெரும்பாலானவற்றில் ஈஸ்ட்டை வடித்தெடுத்துவிடுகிறார்கள், அல்லது சூடாக்கிக் கொன்றுவிடுகிறார்கள். அந்தப் பாணைத் தூக்கி நிறுத்துவது மாவுக்குள் ஏற்கனவே கலந்திருக்கும் சோடாவும், போத்தலுக்குள் அடைபட்ட காற்றும்தான். பியர் அங்கே மணத்துக்கும் பெயருக்கும் வந்த விருந்தாளி. ஒரு காலத்தில் அதே பியர்தான் வீட்டுக்காரனாக இருந்தது.

மெக்கெட்ரே என்ற எகிப்திய அதிகாரியின் கல்லறைக்குள், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன், மரப்பொம்மைகள் சிலவற்றை வைத்து மூடினார்கள். அதில் ஒன்று பாண் சுடும் கூடம். பியர் காய்ச்சும் கூடமும் அதே கூரையின் கீழ்தான். இரண்டுக்கும் தானியம் ஒன்று, புளிப்பு ஒன்று. ஒரே வீட்டில் இருப்பதில் வியப்பில்லை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட ரோமானியர் பிளினி, கோல் நாட்டாரும் ஸ்பானியரும் பியரின் நுரையை அள்ளி மாவில் சேர்க்கிறார்கள் என்றும், அதனால் அவர்களின் பாண் மற்றவர்களுடையதைவிட இலேசாக இருக்கிறது என்றும் குறித்து வைத்திருக்கிறார். நுரைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 1680இல் ஒல்லாந்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் தன் கண்ணாடி வில்லை வழியாகப் பியர்த் துளி ஒன்றைப் பார்க்கும்வரை வேறு யாருக்கும் தெரியாது. அவர் கண்டது சின்னச் சின்ன உருண்டைகள். அவை உயிருள்ளவை என்பது அவருக்கும் பிடிபடவில்லை.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1668இல், பாரிஸில் இந்த நுரைக்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. பியர் நுரை போட்ட மெத்தென்ற பாண் மேட்டுக்குடியினருக்கு உயிர். வைத்தியர்களோ அது உடம்புக்குக் கேடு என்று கூடித் தீர்மானம் போட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. 1670இல், நுரை புதிதாக இருந்தால் போடலாம் என்று அனுமதி கிடைத்தது. தீர்ப்பு வரும்வரை பாரிஸ்காரர்கள் அந்தப் பாணைத் தின்னாமல் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

எங்கள் கரைக்குப் பாண் வந்தது பாரிஸ் வழியாக இல்லை. 1505இல் கொழும்புப் பக்கம் ஒதுங்கிய போர்த்துக்கேயர் தங்கள் 'பாவ்'வோடு வந்தார்கள். அது எங்கள் வாயில் பாண் ஆனது. அதைச் சுடும் 'ஃபோர்னோ' போறணை ஆனது. வைத்துத் தின்னும் மேசையும் அவர்கள் விட்டுப்போன சொல்தான். இதில் எங்கள் கரைக்கு ஒரு கசப்பும் உண்டு. 1626இல் தங்கள் ஆட்சிக்குட்பட்ட ஊர்களிலிருந்து சோனகரை விரட்டியவர்களும் இதே போர்த்துக்கேயர். விரட்டப்பட்டவர்களில் ஒரு பெருந்தொகையினரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார். அதற்கு முன்பே இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். புதியவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். இரண்டு ஆண்டுகளில், 1628இல், துரத்தியவர்கள் பின்னாலேயே வந்து மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டு. 1638இல் ஒல்லாந்தர் அதைப் பறித்துக்கொண்டார்கள். கோட்டை கைமாறிற்று, ஆனால் பாண் யார் கையிலிருந்தும் போகவில்லை.

அந்தப் பாணை நாங்கள் அளந்த கோலோ வேறு. இன்றைக்கும் கடைக்குப் போய் "ஒரு இறாத்தல் பாண் தாங்க" என்றுதானே கேட்கிறோம்? இறாத்தல் அறபு 'ரத்ல்'. அறபு வணிகரின் தராசிலிருந்து இறங்கிய சொல் ஆங்கிலேயரின் பவுண்டுக்குப் பெயராகி, கிலோ வந்த பிறகும் போகாமல் பாணோடு ஒட்டிக்கொண்டது. சட்டப்படி ஒரு பாண் 450 கிராம் என்பதும் அந்தப் பழைய இறாத்தலின் நிழல்தான். போர்த்துக்கேயப் பண்டத்தை அறபு நிறையில் கேட்டு வாங்கும் ஊர் இது.

போர்த்துக்கேயருக்கு ஆசியாவில் ஒரு சிக்கல் இருந்தது. வெயில் கொளுத்தும் கரைகளில் பியர் ஏது, பியர் நுரை ஏது? கோவாவில் அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தென்னை நின்றது. கள்ளு தானாகவே பொங்கியது. அதை மாவில் ஊற்றினார்கள். கோவாப் பாண் பிறந்தது. இலங்கையிலும் இந்த வித்தை புதிதில்லை. சிங்கள, தமிழ் வீடுகளில் அப்பமாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைப்பது வழக்கமாக இருந்தது. இன்னும் கிழக்கே போனால் இதே கதை மூன்றாம் தடவை நடக்கிறது. ஜப்பானியரும் போர்த்துக்கேயரிடம் சொல்லை வாங்கிக்கொண்டு பாணைப் 'பன்' என்கிறார்கள். தோக்கியோவில் கிமுரா யசுபெய் என்ற முன்னாள் சாமுராய், சாக்கே என்னும் அரிசி மதுவின் புளிப்பைக் கொண்டு மாவை எழுப்பி, உள்ளே இனிப்புப் பயறு வைத்துச் சுட்டார். 1875இல் அது மெய்ஜி பேரரசரின் தட்டுக்கே போனது. பியர், கள்ளு, சாக்கே: எந்த ஊருக்குப் போனாலும் பாண் முதலில் தேடிப்போனது தவறணையைத்தான்.

தவறணைக்குள் கால்வைக்காதவர்கள் பாணுக்கு என்ன செய்வது? இதற்கு விடை கிடைத்ததும் ஒரு பியர்த் தொட்டியின் மேல்தான்.

1767இல் யோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் குடியேறினார். பக்கத்து வீடு பியர் வடிக்கும் சாலை. பொங்கும் தொட்டிகளுக்கு மேலே கனமான ஒரு காற்று மிதப்பதையும், அதில் எரியும் சுள்ளி அணைவதையும் கவனித்தார். அந்தக் காற்றுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து, பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினார். தண்ணீர் நாக்கில் சுருக்கென்றது. சோடா பிறந்த கதை இதுதான். 1772இல் அவர் செய்முறையை அச்சிட்டார். 1783இல் ஜெனீவாவில் ஷ்வெப் என்ற கடிகாரத் தொழிலாளி அதை வியாபாரமாக்கினார். பாதிரியாருக்குக் கிடைத்தது புகழ், கடிகாரக்காரருக்குக் கிடைத்தது காசு. ஆக, ஜிஞ்சர் பியர்ப் போத்தலைத் திறந்ததும் 'புஸ்' என்று வருகிறதே, அதற்கும் பியர்த் தொட்டிக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. மது வெளியேறிக் காற்று மட்டும் தங்கியது.

அதே காற்றை மாவுக்குள்ளேயே உண்டாக்க வழிதேடியவர் பேர்மிங்ஹாம் மருந்துக்கடைக்காரர் அல்ஃபிரட் பேர்ட். அவருடைய மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. முட்டைக்காக 1837இல் கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்த மனிதர், ஈஸ்ட்டுக்காக 1843இல் பேக்கிங் பவுடரைச் செய்தார். சோடாவும் ஒரு காய்ந்த புளிப்பும். ஈரம் பட்டதும் இரண்டும் கூடிக் காற்றைக் கக்கும். இரண்டே ஆண்டில், 1845இல், பிரிஸ்டல் பாண்காரர் ஹென்றி ஜோன்ஸ் அந்தக் கலவையை மாவோடு முன்கூட்டியே சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். நாம் கடையில் வாங்கும் செல்ஃப் ரைசிங் மா அவருடையது. ஒருவர் மனைவிக்காகச் செய்ததை இன்னொருவர் பையில் போட்டு விற்றார்.

சோடா எங்கள் தீவுக்கு வந்ததும் நேரே அப்பச்சட்டிக்குப் போனது. அதற்கு நாங்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: அப்பச்சோடா. கள்ளின் வேலையை அது எடுத்துக்கொண்டதை அந்த ஒற்றைச் சொல்லே சொல்லிவிடுகிறது. கள்ளு நுழையாத முஸ்லிம் வீடுகளில் அப்பம் மெத்தென்று வர ஈஸ்ட்டும் இந்தச் சோடாவும் போதும். ஐரோப்பாவில் பியருக்கு நேர்ந்தது இங்கே கள்ளுக்கு நேர்ந்தது.

ஜிஞ்சர் பியருக்கும் இலங்கைக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். முன்பு இங்கிலாந்து வீடுகளில் இஞ்சியும் சீனியும் கலந்த நீருக்குள் வழவழப்பான கட்டி ஒன்றைப் போட்டுப் புளிக்கவைத்து இந்தப் பானத்தைச் செய்தார்கள். அந்தக் கட்டி என்ன என்பது புதிராகவே இருந்தது. 1892இல் அதை அவிழ்த்தவர் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட்: ஒரு ஈஸ்ட்டும் ஒரு பக்டீரியாவும் பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடக்கும் கூட்டுக் குடும்பம் அது. இதே வார்ட் இளைஞனாக 1880இல் இலங்கைக்கு வந்தவர். கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய இரண்டு ஆண்டு மலைநாட்டில் அலைந்தார். நோய் பூஞ்சணத்தால் வருகிறது என்று காட்டினார், ஆனால் தோட்டங்களைக் காப்பாற்ற முடியவில்லை. கோப்பி போய்த் தேயிலை வந்தது. பாணைத் தோய்க்க எங்களுக்குப் பிளேன்டீ கிடைத்ததற்கு அந்தத் தோல்வியும் ஒரு காரணம்.

கோதுமையோ இந்த மண்ணில் விளைவதில்லை. அம்பாறைக் கரை நெல்வயல் சூழ்ந்தது. சோறு இருக்கப் பாண் எதற்கு? 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். பர்மா அரிசி நின்றது. பங்கீட்டுக் கடைகளில் கோதுமை மா தலைகாட்டியது. பாண் அன்றாடச் சாப்பாடானது. பாணைப் 'பன்' என்று சொல்லும் அதே ஜப்பான் எங்களை இப்படியும் பாணுக்குப் பழக்கியது. 1980இல் சிங்கப்பூர் நிறுவனமான பிறீமாவின் மா ஆலை இதே கிழக்குக் கரையில், திருகோணமலைத் துறைமுக ஓரத்தில், அரைக்கத் தொடங்கியது. இப்போது பின்னேரமானால் பாண் முச்சக்கரவண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருகிறது. ஒலிபெருக்கியில் பேத்தோவன் 1810இல் எழுதிய மெட்டு. அந்த இசையைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது பணிஸ்.

பக்குவத்தின் சாமான்களில் சீஸ் மிஞ்சியிருக்கிறது. அது பிரயாணி. வெயிலில் கெடாத சீஸுக்கு வழி கண்டவர்கள் 1911இல் சுவிட்சர்லாந்தின் கெர்பரும் ஸ்டெட்லரும். 1916இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிப் பணம் பார்த்தவர் கிராஃப்ட். முதல் உலகப்போரில் அவருடைய சீஸ் தகரப்பேணியில் ஏறிப் படையினரோடு கடல் கடந்தது. பேணிச் சீஸ் பிரியாமல் உருகுவதற்குச் சேர்க்கும் பொஸ்பேட் உப்பு, பேக்கிங் பவுடரில் புளிப்பாகச் சேர்க்கும் பொஸ்பேட்டுக்குச் சொந்தக்காரன். எங்கள் ஊருக்கு அந்தப் பேணியை அறிமுகப்படுத்தியது வளைகுடா. சவூதியிலும் கட்டாரிலும் உழைத்தவர்களின் பெட்டிக்குள் போர்வை, சவர்க்காரம், பால்மாவோடு நீலநிறச் சீஸ் பேணியும் வந்து இறங்கியது. பாணுக்குத் துருவுவதென்றால் முதல் நாளே குளிரூட்டியில் வைத்து இறுகவிட வேண்டும், இல்லாவிட்டால் துருவலகில் பசைபோல் அப்பிக்கொள்ளும்.

இனி, செய்து பார்த்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஜிஞ்சர் பியர் ஊற்றினால் சீனியைத் தொடாதீர்கள். போத்தலுக்குள்ளேயே தாராளமாக இருக்கிறது. அப்படியும் சீஸின் உப்போடு இஞ்சி இனிப்பு கொஞ்சம் மல்லுக்கட்டும். பியரின் மெல்லிய கசப்பு அதில் இல்லை. இருப்பதாக நான் பொய் சொல்லப் போவதில்லை. எனக்குப் பிடித்தது வேறொரு வழி. அயர்லாந்துக்காரர்கள் 1830களிலிருந்து மோரும் சோடாவும் போட்டுப் பாண் சுட்டார்கள். மோருக்கு எங்களிடம் என்ன பஞ்சம்? சட்டியில் உறைந்த எருமைத் தயிரை நீர்விட்டுக் கடைந்து 400 மில்லிலீற்றர் எடுங்கள். 450 கிராம் கோதுமை மா, அதாவது ஒரு இறாத்தல். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, 100 கிராம் சீஸ், நறுக்கிய பச்சைமிளகாய் இரண்டு. தயிரின் புளிப்பு பட்ட கணமே சோடா காற்றை விடத் தொடங்கிவிடும். நின்று கதைக்க நேரமில்லை, உடனே போறணைக்குள் தள்ளவேண்டும். அதிகம் கிளறினால் மா இழுபட்டு இறுகும்.

வெந்து ஆறிய துண்டைப் பிளேன்டீயில் தோய்த்து உம்மா வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் மென்றார்.

"இது என்ன மகன், பாணா கேக்கா?"

"பாண்தான் உம்மா."

"அப்ப சம்பல எடு."