பாக் விரிகுடாவின் தாழைக்காடு

பாக் விரிகுடாவில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. வலைகள் அறுபட்டு, கைகலப்பாகி, பேசித் தீர்த்தது அது. மண்டபத்தில் நாட்டுப்படகுக்காரர் மகளாக வளர்ந்தவள் நான். அடுப்பெரிவதே அந்தக் கிழமைக் கணக்கில்தான். ஆனால் இரு தரப்பும் பங்கிட்டது நாட்களை மட்டும். கடலின் தரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தத் தரையில்தான் தாழை என்று நாங்கள் சொல்லும் கடற்புல் இருக்கிறது. பாசியல்ல, வேரும் பூவும் உள்ள புல். வெயில் எட்டும் ஆழத்தில்தான் வளரும். நீரில் கரைந்த கரியமில வாயுவை இலை உள்வாங்குகிறது. உதிர்ந்த இலை, செத்த வேர், இலைகளில் சிக்கும் வண்டல் எல்லாம் சேற்றில் புதைகின்றன. ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் அவை எளிதில் மக்குவதில்லை. நூற்றாண்டுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரமாண்டுகளும் கிடக்கும். உலகக் கடலடியில் 0.2 சதவீதம்கூட இல்லாத புல், ஆண்டுதோறும் அங்கே புதையும் கார்பனில் ஏறத்தாழ 10 சதவீதத்தைச் சேர்க்கிறது.

அதை மேய்வது ஆவுளியா என்கிற கடற்பசு. நாளொன்றுக்கு 30, 40 கிலோ தின்னும். மேய்ந்த தடத்தில் இளந்தளிர் விடும். சாணத்தோடு விதை வேறிடம் போகும். 1959இல் பிடிபட்ட இரண்டை மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பத்தாண்டுக்கு மேல் தாழை போட்டு வளர்த்தார்கள். அதே காலத்தில் எங்கள் கரையோரம் அதன் கறி விற்றது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகும் ஒளித்து விற்றார்கள் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனாலும் பெருங்கேடு விசைப்படகுகள் இழுக்கும் இழுவைமடிதான். இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறியதும் வந்தது அது. பலகையும் சங்கிலியும் தரையைச் சுரண்ட, இறாலோடு தாழையும் வேரோடு மேலே வரும். "புல்லு போனா மீனு எங்க குஞ்சு பொரிக்கும்?" என்பார் அப்பா. கலங்கிய சேறு மறுபடி ஆக்சிஜனைத் தொட்டால், புதைந்த கார்பனில் ஒரு பகுதி வாயுவாகிவிடும். கலங்கிய நீரில் வெயிலும் இறங்காது. 1983 சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்றது. மீறிப் போவதைக் கரையில் நின்றே பார்த்திருக்கிறேன்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமானது, இந்தியாவில் முதலாவது. வலையில் மாட்டிய ஆவுளியாவை, வலையை அறுத்து விட்ட மீனவர்களுக்குச் சன்மானமும் கிடைத்தது. எங்கள் பக்கத்துக்கும் அப்படியோர் எல்லை வேண்டும். எங்கே தாழை அடர்ந்திருக்கிறது என்று நாட்டுப்படகுக்காரர்களைக் கேளுங்கள். கோபுரத்தையும் பனையையும் அடையாளம் வைத்தே சொல்வார்கள்.