பீவருக்கு நேட்டிவ் பிளேஸ் எது?

நம் பக்கம் புலியூர் என்ற பெயரில் ஊர்கள் உண்டு. புலியைத்தான் காணோம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பெவர்லி என்று ஓர் ஊர். பெயர் வந்தது பீவரிலிருந்து. அந்த பீவரும் பிரிட்டனில் சுமார் 400 வருடம் கிடையாது.

பீவரை நீர்நாய் என்று நினைத்துவிடாதீர்கள். நீர்நாய் மீன் தின்னும். இது எலி, அணில் வகையறா, சுத்த சைவம். எடை மட்டும் 20 கிலோ போல வரும், வால் தோசைத் திருப்பி மாதிரி தட்டை. மரத்தைப் பல்லாலேயே சாய்த்து, கிளையும் சேறும் வைத்து ஓடையை மறித்து அணை கட்டும். ரோமத்துக்காகவும், கறிக்காகவும், அந்தக் காலத்தில் மருந்தாக விற்ற காஸ்டோரியம் என்ற சுரப்புக்காகவும் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள்.

சரி, கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவனில், ஆட்டர் என்று ஒரு ஆறு. ஆட்டர் என்றால் நீர்நாய்தான் :-) அங்கே "பீவரைப் பார்த்தேன்" என்று சில வருடங்களாகவே பேச்சு. 2014 தொடக்கத்தில் ஒரு குடும்பமே கேமராவில் சிக்கியது. தப்பி வந்தவையா, யாராவது ராத்திரியோடு ராத்திரியாக விட்டுப் போனார்களா, இன்றுவரை மர்மம்.

அரசாங்கம் என்ன சொன்னது? பிடித்து அடைக்கணும். நாடாப்புழு நோய் இருக்கலாமாம். ஊர்க்காரர்கள் விடவில்லை. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த் அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் 2015 ஜனவரியில், ஐந்து வருடம் இருந்து காட்டட்டும் என்று டெவன் வைல்ட்லைஃப் டிரஸ்டுக்கு அனுமதி. மார்ச்சில் ஐந்து பீவர்களைப் பிடித்துச் சோதித்தார்கள். நோய் உண்டா என்பது ஒரு கேள்வி. அமெரிக்க இனமா, ஐரோப்பிய இனமா என்பது இன்னொன்று. மும்பையில் மூன்று தலைமுறையாக இருப்பவரிடமும் "நேட்டிவ் பிளேஸ் எது?" என்று கேட்பார்களே, அதே கதை. நோய் இல்லை, ஐரோப்பிய இனம்தான் என்று தெரிந்ததும் அதே ஆற்றில் விட்டார்கள்.

அந்த ஐந்து வருடத்தில் அவை செய்த வேலைதான் முக்கியம். ஈஸ்ட் பட்லீ கிராமத்துக்கு வெள்ளம் வரும் ஓடையில், ஊருக்கு மேலே வரிசையாக அணை கட்டின. பெருமழைத் தண்ணீர் ஒரேயடியாகப் பாயாமல் தேங்கித் தேங்கி இறங்கியது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் அளந்து பார்த்ததில் உச்ச வெள்ளம் குறைந்திருந்தது. அணைக்குப் பின்னால் தேங்கிய குளங்களில் மீனும் கூடியிருந்தது. எல்லாம் நல்லதுதானா என்றால், இல்லை. சில வயல்களில் தண்ணீர் ஏறியது, அணைக்குள் குழாய் செருகி மட்டத்தை இறக்க வேண்டியிருந்தது. விவசாயியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2019 மே மாதம் பீவருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அந்த வருடமே உரிமம் வாங்கிக் கொன்றவை 87!

ஆட்டர் ஆற்றுப் பீவர்கள் நிரந்தரமாக இருக்கலாம் என்று 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டார்கள். அப்போது சுமார் 15 குடும்பம். 2022 அக்டோபரில் இங்கிலாந்து முழுக்கப் பாதுகாப்பு. 2025 மார்ச்சில் டார்செட்டின் ஸ்டட்லண்டில் நான்கு பீவர்களைக் கூண்டைத் திறந்து விட்டார்கள், இந்த முறை முறைப்படி உரிமத்தோடு, பட்டப்பகலில்.