ஏலத்தில் போன கோபால்ட்

2010 பிப்ரவரியில் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை தன் பழைய கருவிகளை ஏலம் விட்டது. 1960களின் இறுதியில் கனடாவிலிருந்து தருவிக்கப்பட்ட ‘காமாசெல் 220’ என்னும் கதிரூட்டும் கருவியும் அவற்றுள் ஒன்று. 1985க்குப் பின் எவரும் அதை இயக்கவில்லை. துறையின் இருப்புக் கணக்கில் அது பயனற்ற தளவாடம்; வாங்கியவர்களுக்கோ விலைபோகும் ஈயமும் எஃகும்.

மாயாபுரி காயலான் கடைகளில் அதை உடைத்தபோது ஈயக் கவசத்துக்குள் இருந்த கோபால்ட்-60 பென்சில்கள் வெளிவந்தன. கடைக்காரர் ஒருவர் ஒரு துண்டைப் பணப்பையில் வைத்திருந்தார். ஏப்ரலில் தோல் கருகியும் முடி உதிர்ந்தும் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். தொழிலாளி ஒருவர் மாண்டார். பன்னாட்டு அளவுகோலில் இவ்விபத்து நான்காம் நிலையில் வைக்கப்பட்டது.

கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். நாற்பதாண்டுகளில் அது ஏறத்தாழ எட்டு முறை பாதியாகி, தொடக்க வலிமையில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கும். அந்த மிச்சமே ஓர் உயிரைக் குடித்தது.

விதி இல்லாமல் போனதால் நேர்ந்ததன்று இது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இலிருந்தே இயங்குகிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 2004இல் புதுப்பிக்கப்பட்டிருந்தன. மூலத்தை அப்புறப்படுத்த வாரியத்தின் அனுமதி வேண்டும். இத்தகைய வலிய மூலம் பயணப்பட வேண்டிய ‘பி வகை’ கலம், ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும் 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி நேரம் கிடப்பதையும் தாங்க வேண்டும். வண்டியில் எச்சரிக்கைக் குறியும், ஓட்டுநர் கையில் அவசரக் குறிப்பும் இருக்க வேண்டும். நடைமுறை அறிவுக்கும் நாட்டில் பஞ்சமில்லை: ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகம் 1970களிலிருந்தே யுரேனிய எரிபொருளைத் தொலைவிலுள்ள அணுமின் நிலையங்களுக்கு அனுப்பி வந்தது. ஆனால் அங்கே அனுப்புவதே தொழில்; பல்கலைக்கழகத்தில் அது, கருவியை வாங்கிய ஆய்வாளர் ஓய்வு பெற்றபின் யாருடைய வேலையும் அன்று. கருவியின் வரலாறு அறிந்தவர் ஒருவரும் ஏலப் பட்டியலைப் பார்க்காதிருந்தால் அது மேசை நாற்காலிகளோடு சேர்ந்துவிடும்.

வாரியம் விளக்கம் கேட்டது. பல்கலைக்கழகம் கதிரியக்க மூலங்களைப் பயன்படுத்தத் தற்காலிகத் தடையும் விதித்தது. மாயாபுரியில் தேடியெடுத்த துண்டுகளை வல்லுநர்கள் கவசக் கலங்களில் அடைத்து, நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டு சென்றனர்.