நல்லூர் அரசனின் முகம்

நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளோடு சிலையாக இருக்கும், யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியனுக்கு எந்தப் படத்தைப் பார்த்து முகம் வைத்தார்கள்? சிற்பியின் கற்பனை என்று விட்டுவிடலாம். ஆனாலும், யாழ்ப்பாண அரசர்களில் ஒருவரையாவது அவர் காலத்திலேயே யாரும் வரைந்து வைக்கவில்லையா என்ற நப்பாசை எனக்கு.

நப்பாசைக்கு நியாயம் உண்டு. அந்தச் சங்கிலியன், அதாவது இரண்டாம் சங்கிலி, 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டபோது வடக்கே ஜகாங்கீர் ஆட்சி. சிறு தாளில் நுண்தூரிகையால் அரச முகங்களை எழுதிய காலம் அது. பாரசீகத்து ஷா அப்பாஸை நேரில் கண்டு வரைந்து வரவென்றே பிஷன்தாஸ் என்ற ஓவியரை 1613இல் தூதுக்குழுவோடு அனுப்பியவர் ஜகாங்கீர்.

இலங்கைக்குள்ளும் படங்கள் உண்டு. கோட்டை அரசன் புவனேகபாகு 1540களில் லிஸ்பனுக்கு அனுப்பிய தந்தப் பேழையில், அவன் பேரன் தர்மபாலனுக்குப் போர்த்துக்கல் மன்னன் முடிசூட்டுகிறான். பேழை இப்போது மியூனிக்கில். ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் கண்டி விமலதர்மசூரியனைச் சந்தித்த காட்சி அச்சாகியிருக்கிறது. ரொபேட் நொக்ஸின் 1681ஆம் ஆண்டு நூலில் இரண்டாம் இராசசிங்கன் முழு உருவமாக நிற்கிறான்.

யாழ்ப்பாண அரசர்களின் தலைநகர் நல்லூருக்கு? ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸின் 1672ஆம் ஆண்டு நூலைப் புரட்டினேன். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை என்று தேவாலயங்களாக வருகின்றன, அரசன் இல்லை. இருக்கவும் முடியாது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது, சங்கிலி கோவாவில் கொல்லப்பட்டு 35 ஆண்டுகள். போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் சங்கிலியைப் பற்றி எழுதியதிலோ ஏச்சுத்தான் அதிகம். சிம்மாசனத்தில் இருந்த அரசனைத்தான் ஐரோப்பியர் படமாக்கினார்கள். விலங்கிட்டுக் கொண்டுபோனவனுக்குப் படம் எதற்கு?

மிஞ்சியது செம்பு. யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்த நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்ற எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முகமென்பது சில புள்ளிகளும் கோடுகளுமே. இராசராச சோழன் காசில் நிற்கும் உருவத்தின் வழிவந்தது அது. உருவத்தின் பக்கத்தில் அரசன் பெயரும் கிடையாது. செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரண்டு பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடிக்கொண்ட மரபு அல்லவா? பட்டத்துக்கு வந்தவன் யாரானாலும் பெயர் அந்த இரண்டில் ஒன்று. ஆளைக் காட்ட வேண்டிய தேவையே அந்தக் காசுக்கு இல்லை. படம் தொலைந்துவிட்டது என்று நாம் அங்கலாய்க்கிறோம். வரையச் சொல்லி எவனும் கேட்டிருக்கவே மாட்டான் என்பது என் கணிப்பு.

தமிழ் அரசர்களுக்கே உருவப்பட ஆசை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் இராமநாதபுரத்தில், இராமலிங்க விலாசத்துச் சுவர்களில் முத்து விஜய ரகுநாத சேதுபதி இராசராசேசுவரி அம்மனிடம் செங்கோல் வாங்குகிறார், ஐரோப்பியரை வரவேற்கிறார். அது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அப்போது நல்லூரில் அரசன் இல்லாமல் போய் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.